பிச்சாவரத்தின் பச்சையை அளக்கும் கருவி: கோப்பர்நிக்கஸ் பிரவுசர் மதிப்புரை

கடலூர் மாவட்டத்தில் தாவரவியல் கற்பிப்பவர்களுக்கு ஆண்டுதோறும் தப்பாமல் வந்து சேரும் கேள்வி ஒன்று உண்டு. முதுகலை மாணவர்களில் இரண்டு பேராவது ஆய்வேட்டுக்குப் பிச்சாவரம் அலையாத்திக் காட்டை எடுத்துக்கொண்டு, அங்கே காடு கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று கேட்டு வந்து நிற்பார்கள். வெள்ளாற்றுக் கழிமுகத்துக்கும் கொள்ளிடக் கழிமுகத்துக்கும் இடையில் வாய்க்கால்களும் திட்டுகளுமாகப் பின்னிக் கிடக்கும் அந்தக் காட்டைக் காலால் நடந்து அளக்க முடியாது. படகில் போனாலோ கரையோர மரங்கள் மட்டும் கண்ணில் படும். அவற்றுக்குப் பின்னால் இருப்பது அடர்ந்த காடா, வெறும் களர்நிலமா என்பது தெரியாது. ஆகவே மேலிருந்து எடுத்த படம் வேண்டும். அதற்காக இரண்டு ஆண்டுகளாக நானும் என் மாணவர்களும் பயன்படுத்திவரும் கோப்பர்நிக்கஸ் பிரவுசர் என்ற இலவச வலைச் சேவையைப் பற்றியதுதான் இந்த மதிப்புரை. பாதுகாக்கப்பட்ட ஒரு சதுப்புநிலத்தின் தாவரப் பரப்பையும் நிலப் பயன்பாட்டையும் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட இது எவ்வளவு உதவுகிறது, எந்த இடத்தில் கைவிடுகிறது என்ற அளவில் மட்டுமே எழுதுகிறேன்.

இதற்கு நாங்கள் வந்து சேர்ந்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் மாணவர் ஒருவர் தனியார் வரைபட நிறுவனம் ஒன்றுக்குப் பணம் கொடுத்து, பிச்சாவரம் பகுதியின் நிலப்பரப்பு மாற்ற வரைபடம் ஒன்றைத் தயாரித்து வாங்கி வந்தார். பளபளப்பான தாளில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் பிரித்து அழகாகத்தான் இருந்தது. காட்டின் மேற்கு ஓரத்தில் பெரும்பரப்பில் தாவரம் அழிந்துவிட்டதாகச் சிவப்பு நிறம் காட்டியது. படத்தின் அடிக்குறிப்பைப் படித்தபோதுதான், ஒப்பிடப்பட்ட இரண்டு படங்களில் முந்தைய ஆண்டின் படம் தை மாதத் தொடக்கத்தில் எடுக்கப்பட்டது, பிந்தைய ஆண்டின் படம் பங்குனியில் எடுக்கப்பட்டது என்பது தெரிந்தது. அழிந்ததாகக் காட்டப்பட்ட இடத்தில் அலையாத்தி மரம் என்றைக்கும் இருந்ததில்லை. அது சம்பா வயல். அறுவடை முடிந்த தரிசைக் காடழிப்பு என்று கணக்கில் ஏற்றியிருந்தார்கள். கொடுத்த பணம் போனது போனதுதான். ஆனால் மூலப் படங்களை நாமே பார்த்து, தேதியை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற புத்தி அன்றைக்கு வந்தது.

கோப்பர்நிக்கஸ் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் புவி நோக்குத் திட்டம். அதன் சென்டினல் வரிசைச் செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்கள் உலகில் யாருக்கும் இலவசம். 2023இல் தொடங்கப்பட்ட அதன் தரவுத் தளத்துக்கு வாசல் போல அமைந்ததுதான் இந்தப் பிரவுசர். கணினியில் வேறு மென்பொருள் எதையும் நிறுவ வேண்டியதில்லை. வழக்கமான இணைய உலாவியிலேயே திறக்கும். படங்களைப் பார்ப்பதற்குப் பதிவு தேவையில்லை, இறக்கிக்கொள்வது போன்ற சில வசதிகளுக்கு ஒரு கணக்குத் தொடங்க வேண்டும், அதற்கும் கட்டணம் கிடையாது. ஊர்ப் பெயரைத் தட்டினால் வரைபடம் அங்கே போய் நிற்கிறது. பிறகு நாட்காட்டியில் ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்து, மேகமூட்டம் எத்தனை விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று வரம்பு வைத்தால், அன்றைய படம் திரையில் விரிகிறது. இத்தனையும் முதல்முறை வருபவருக்குக் கால் மணி நேரத்தில் பழகிவிடும்.

எங்களுக்குப் பெரிதும் பயன்படுவது சென்டினல்–2 படங்கள். 2015 ஜூனில் முதல் செயற்கைக்கோளும் 2017 மார்ச்சில் இரண்டாவதும் ஏவப்பட்டன. 2024 செப்டம்பரில் மூன்றாவது ஏவப்பட்டது. இவற்றில் இரண்டு சேர்ந்து இயங்கினாலே ஒரே இடத்தின் மேல் ஐந்து நாட்களுக்கு ஒருமுறை படம் கிடைத்துவிடும். பதின்மூன்று அலைவரிசைகளில், நீலம், பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்பு ஆகிய நான்கும் பத்து மீட்டர் நுண்மை கொண்டவை. பத்து மீட்டர் என்றால் எவ்வளவு என்பதை நம் நிலக்கணக்கில் சொன்னால்தான் விளங்கும். ஒரு படப்புள்ளி நூறு சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ இரண்டரை சென்ட். புதுச்சேரிப் பக்கத்துக் குழிக் கணக்கில் இரண்டு குழிக்குச் சற்றே குறைவு. ஒரு காணி நிலம் ஐம்பத்து மூன்று புள்ளிகளாகத் தெரியும். பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த பிச்சாவரத்தின் பரப்பு சுமார் 1,478 ஹெக்டேர் என்பதால், முழுக் காடும் ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவான புள்ளிகளில் அடங்கிவிடும். தனி மரம் தெரியாது; மரக்கூட்டம் தெரியும். ஒரு வீட்டு மனையளவு வெட்டப்பட்டால் கண்ணுக்குத் தப்பிவிடலாம், ஒரு காணி வெட்டப்பட்டால் தப்பாது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த நுண்மையின் அருமை கூடுதலாகப் புரிய வேண்டும். 1955இல் அங்கே தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இந்தியத் தீபகற்பத்தின் தாவர வரைபடங்களைப் பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவுகோலில் வெளியிட்டது. தாளில் ஒரு மில்லிமீட்டர் தரையில் ஒரு கிலோமீட்டர். களத்தில் அலைந்து திரிந்து தயாரிக்கப்பட்ட அந்த வரைபடங்களில் மழை, மண், காட்டு வகை ஆகியவற்றின் உறவு பொதிந்திருக்கும் ஆழத்தை எந்தச் செயற்கைக்கோள் படமும் தனியாகத் தந்துவிடாது. ஆனால் அந்த அளவுகோலில் பிச்சாவரம் சில மில்லிமீட்டர் பச்சைக் கறைதான். ஒரு வாய்க்காலின் இரு கரைகளையும் தனித்தனியே பார்க்கும் வசதி இப்போது ஒரு கல்லூரி மாணவரின் மேசைக்கு வந்திருக்கிறது.

பிரவுசரில் இயற்கை நிறப் படத்தைப் பார்த்தால் பிச்சாவரமும் சுற்றியுள்ள வயலும் சவுக்குத் தோப்பும் ஒரே பச்சையாகத் தெரியும். அதனால் நான் மாணவர்களை முதலில் போலிநிறப் படத்துக்குப் போகச் சொல்வேன். தாவர இலை அண்மை அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். அந்த ஒளிக்குச் சிவப்பு நிறம் கொடுத்து வரையும்போது தாவரமெல்லாம் சிவப்பாகிறது. நெல்வயல் வெளிர் சிவப்பாகவும், அலையாத்திக் காடு கருஞ்சிவப்பாகவும், இறால் குட்டைகள் கரிய கட்டங்களாகவும், உப்புப் பூத்த நிலம் வெள்ளையாகவும் பிரிந்து நிற்பதைக் காணும் மாணவர் பெரும்பாலும் ஒரு நிமிடம் பேசாமல் இருப்பார். அடுத்ததாகக் குறும்அலை அகச்சிவப்புச் சேர்க்கையைப் பார்க்க வேண்டும். இதன் நுண்மை இருபது மீட்டர்தான் என்றாலும், ஈரத்தைக் காட்டிக்கொடுப்பதில் இதற்கு இணை இல்லை. சவுக்கும் அலையாத்தியும் ஆண்டு முழுவதும் பச்சையாக இருப்பவை. பச்சையை மட்டும் அளந்தால் இரண்டையும் பிரிக்க முடியாது. அலையாத்தியின் அடியில் எப்போதும் ஈரச் சேறும் நீரும் இருப்பதால், இந்தச் சேர்க்கையில் அது சவுக்கைவிட இருண்டு தெரியும். கடற்கரை மணல்மேட்டில் உள்ள சவுக்கைக் காடாகக் கணக்கிட்டுவிடும் பிழையைத் தவிர்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்த வசதி அதிகம் பேசப்படாத ஒன்று. ஓர் இடத்தைச் சுற்றிக் கோடு போட்டு, அந்த இடத்தின் தாவரக் குறியீட்டு எண் காலப்போக்கில் எப்படி ஏறி இறங்கியது என்று வரைகோடாகப் பார்க்கலாம். தாவரக் குறியீட்டு எண் என்று நான் சொல்வது, ஆய்வுக் கட்டுரைகளில் என்.டி.வி.ஐ. என்று வருவது: அண்மை அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்துக் கிடைக்கும் எண். அடர்ந்த இலைப்பரப்பில் ஒன்றை நெருங்கும், வெறும் மண்ணில் பூச்சியத்துக்குச் சற்று மேலே நிற்கும், நீரில் பெரும்பாலும் பூச்சியத்துக்குக் கீழே போகும். அலையாத்திக் காட்டைச் சுற்றிக் கோடு போட்டால் வரைகோடு ஆண்டு முழுவதும் ஏறத்தாழச் சமதளமாகப் போகிறது. சம்பா வயலைச் சுற்றிப் போட்டால் ஐப்பசி, கார்த்திகையில் ஏறி, தை, மாசியில் சரிகிறது. சவுக்குத் தோப்பு சில ஆண்டுகள் மெல்ல உயர்ந்துகொண்டே போய், வெட்டிய வாரத்தில் செங்குத்தாக விழுகிறது. இறால் குட்டை எப்போதும் அடியிலேயே கிடக்கிறது. ஒரே ஒரு தேதியின் படம் சொல்லாத நிலப் பயன்பாட்டை இந்த வரைகோடு சொல்லிவிடுகிறது. எங்கள் மாணவர் பணம் கொடுத்து வாங்கிய வரைபடத்தைத் தயாரித்தவர் இந்த ஒரு காரியத்தைச் செய்திருந்தால், வயலைக் காடு என்று எழுதியிருக்க மாட்டார்.

இனி குறைகள். இவற்றில் பல இந்தச் சேவையின் குறைகள் என்பதைவிட, செயற்கைக்கோள் படத்துக்கும் சதுப்புநிலத்துக்கும் இடையிலுள்ள இயல்பான பொருத்தமின்மை என்பதே சரி. சென்டினல்–2 எப்போதும் காலை பத்தரை மணி வாக்கில்தான் நம் தலைக்கு மேலே கடக்கிறது. கடல்நீர் ஏறும் நேரமோ நாளுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகிறது. ஆகவே ஐந்து நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களில் ஒன்றில் நீர் ஏறியும் மற்றதில் வடிந்தும் இருக்கலாம். நம் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள்தான் என்றாலும், தட்டையான சேற்றுநிலத்தில் அரை அடி நீர் ஏறினாலே பெரும்பரப்பு மூழ்கிவிடும். நீர் அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதால், காட்டின் ஓரத்திலுள்ள குட்டைச் செடிகளும் நாற்றுகளும் அந்த நாளின் படத்தில் காணாமல் போய்விடும். இரண்டு ஆண்டுகளை ஒப்பிட்டு ஓரத்தில் தாவரம் குறைந்ததாக ஒரு மாணவி எழுதியபோது, பஞ்சாங்கத்தை எடுத்து இரண்டு தேதிகளின் திதியைப் பார்க்கச் சொன்னேன். ஒன்று அமாவாசைக்கு மறுநாள், கடல் ஏற்றம் மிகும் நாள்; மற்றது அஷ்டமி, ஏற்றம் தணியும் நாள். கருவியில் ஏற்றவற்ற அளவு எங்கும் தரப்படவில்லை. பயனர்தான் வேறிடத்தில் தேடிப் பொருத்திக்கொள்ள வேண்டும். கழிமுகப் பகுதியில் வேலை செய்பவர்களுக்கு இது சிறிய குறையன்று.

இரண்டாவது சிக்கல் உமரி. பிச்சாவரத்தின் உவர்நிலங்களில் மழைக்குப் பிறகு உமரிச் செடி பாய் விரித்ததுபோல் படரும். மார்கழி, தை மாதப் படங்களில் அதன் தாவரக் குறியீட்டு எண், புதிதாக நட்ட வெண்கண்டல் நாற்றுப் பரப்பின் எண்ணோடு அப்படியே ஒத்துப்போகும். திரையில் பார்த்து இது மறுவளர்ச்சிக் காடு என்று நாங்கள் உறுதியாக நம்பிய ஓர் இடத்துக்குப் போவதற்கு, பிச்சாவரத்தில் துடுப்புப் படகு ஓட்டும் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு போனோம். கைப்பேசியில் இருந்த படத்தைக் காட்டி, "அண்ணே, இந்த மரக்கூட்டத்துக்குப் போகணும்" என்றேன். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அங்க ஏது சார் மரம்? அது பூரா உமரிப் பூண்டு. சித்திரையில வந்து பாருங்க, செவந்து போய்க் கெடக்கும்" என்றார். அவர் சொன்னது சரி. சித்திரை மாதப் படத்தை எடுத்துப் பார்த்தபோது அந்த இடத்தின் எண் சரிந்திருந்தது. பக்கத்திலிருந்த வெண்கண்டல் அசையவில்லை. மழைக்காலம் முடிந்தபின் ஒரு படம், கோடையின் நடுவில் ஒரு படம் என்று ஆண்டுக்கு இரண்டு படங்களை வைத்துக்கொண்டு, இரண்டிலும் பச்சையாக இருப்பதை மட்டும் மரக்காடு என்று எழுதும் வழக்கம் எங்களுக்கு அந்தப் பயணத்துக்குப் பிறகுதான் ஏற்பட்டது.

அந்த வழக்கத்துக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு, அது தில்லை மரம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த, கோயிலின் தலமரமான அதே தில்லைதான் பிச்சாவரத்திலும் வளர்கிறது. கிளையை ஒடித்தால் வடியும் பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்று படகோட்டிகள் எச்சரிப்பார்கள். அலையாத்திக் கூட்டத்தில் இலையுதிர்க்கும் பழக்கம் உள்ள மரம் இது. இலை சிவந்து உதிரும் பருவத்தில் படம் எடுக்கப்பட்டிருந்தால், தில்லை நிற்கும் இடம் பட்டுப்போன காடு போலத் தோன்றும். மரவகைகளைப் பிரிப்பதில் இந்தக் கருவி மேலும் தடுமாறும். வாய்க்கால் கரையோரம் ஊன்றுவேர் பரப்பி நிற்கும் சுரபுன்னைக் கூட்டத்தையும் அதற்குப் பின்னால் உள்ள வெண்கண்டல் கூட்டத்தையும் நல்ல வெளிச்சமுள்ள நாளின் படத்தில் ஓரளவு பிரிக்கலாம். ஆனால் சுரபுன்னைக்குள்ளேயே உள்ள இரண்டு இனங்களையோ, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரையே தாங்கி நிற்கும் அவற்றின் கலப்பினத்தையோ பத்து மீட்டர் புள்ளியில் தேடுவது வீண் வேலை.

பிச்சாவரத்தின் பெரிய மாற்றம் எது என்று கேட்டால், அந்தக் கதை இந்தக் கருவியின் நினைவுக்கு முந்தியது என்றுதான் சொல்ல வேண்டும். பழைய காலத்தில் இங்கே காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டும் முறை இருந்தது. வெட்டிய இடத்தில் மண் வெயிலில் காய்ந்து சுருங்கி, நடுவில் தொட்டி போலப் பள்ளமாகியது. ஏறிய கடல்நீர் வடியாமல் அங்கேயே தேங்கி ஆவியாகி, உப்பு கடுமையாகிப் புதிய நாற்று முளைக்கவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து 1990களில் தொடங்கி, மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி நீரை உள்ளே வரவும் வெளியே போகவும் செய்து, கண்டல் நட்டு அந்த இடங்களை மீட்டன. இன்றைக்குத் திரையில் சீரான கருஞ்சிவப்பாகத் தெரியும் பல துண்டுகள் அப்படி வளர்ந்தவை. சென்டினல்–2 தன் பணியைத் தொடங்கியது 2015இல். 2004 டிசம்பர் ஆழிப்பேரலையும், 2011 டிசம்பர் கடைசியில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயலும் அதன் கண்ணில் பட்டதே இல்லை. நம் கரையின் வரலாற்றை எழுத நினைப்பவருக்கு இது பெரிய இடைவெளி.

அந்த இடைவெளியை நிரப்ப வேறு வாசல்களைத் தட்ட வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் லேண்ட்சாட் படங்கள் 1972 முதல் இருக்கின்றன; 1984க்குப் பிந்தைய லேண்ட்சாட் 5 படங்களின் நுண்மை முப்பது மீட்டர், அதாவது ஒரு புள்ளி இருபத்திரண்டு சென்ட். 2008 முதல் அவையும் இலவசம். 2003 மே மாதத்துக்குப் பிந்தைய லேண்ட்சாட் 7 படங்களில் கருவிக் கோளாறால் கோடு கோடாக இடைவெளி விழுந்திருக்கும் என்பதால், ஆழிப்பேரலைக் காலத்துக்கு லேண்ட்சாட் 5 படங்களைத் தேடுவது நல்லது. கூகுள் எர்த் புரோ 2015 முதல் கட்டணமில்லாமல் கிடைக்கிறது. அதில் பழைய தேதிகளுக்குப் போகும் வசதியும், மீன்முள் வாய்க்கால்களையே எண்ணிப் பார்க்கும் அளவுக்கு நுண்மையும் உண்டு. ஆனால் அகச்சிவப்பு இல்லை, தேதிகளும் நம் விருப்பப்படி அமையாது. இஸ்ரோவின் புவன் தளத்தில் 2005–06, 2011–12, 2015–16 ஆகிய ஆண்டுகளுக்கான நிலப் பயன்பாட்டு வரைபடங்கள் ஐம்பதாயிரத்தில் ஒன்று என்ற அளவுகோலில் இருக்கின்றன. நம் நாட்டு நிலவகைப் பெயர்களோடு வகைப்படுத்தப்பட்டவை என்பதால், எங்கள் மாணவர்கள் தங்கள் வகைப்பாட்டை முதலில் இவற்றோடு ஒத்துப் பார்க்கிறார்கள்.

ஆயத்த வரைபடங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் இங்கே சொல்ல வேண்டும். ஐரோப்பிய விண்வெளி முகமையின் உலக நிலப்பரப்பு வரைபடம் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்குப் பத்து மீட்டர் நுண்மையில் வெளிவந்திருக்கிறது. அலையாத்திக் காட்டுக்கு அதில் தனி வகையே உண்டு. இரண்டையும் கழித்து ஓராண்டு மாற்றத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று தோன்றும். அவை வெவ்வேறு கணிப்பு முறைகளால் தயாரிக்கப்பட்டவை. இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டில் முறையின் வேறுபாடும் கலந்திருக்கிறது என்று வெளியிட்டவர்களே சொல்கிறார்கள். படிக்காமல் கழிப்பவர்களுக்குப் பிச்சாவரத்தில் இல்லாத மாற்றமெல்லாம் கிடைக்கும்.

பிச்சாவரத்தில் கற்றதை ஊசுட்டேரியில் பொருத்திப் பார்த்தபோது இந்தச் சேவையின் வேறொரு முகம் தெரிந்தது. புதுச்சேரி நகரிலிருந்து பத்துக் கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழப் பாதி புதுச்சேரியிலும் மீதி விழுப்புரம் மாவட்டத்திலுமாகச் சுமார் 800 ஹெக்டேரில் விரிந்திருக்கும் அந்த ஏரியின் புதுச்சேரிப் பகுதி 2008இலும் தமிழ்நாட்டுப் பகுதி 2014இலும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. கடல் ஏற்றவற்றம் இல்லை, காடும் இல்லை. நீர்ப்பரப்பின் ஏற்ற இறக்கம்தான் அங்கே கதை. நீரை நிலத்திலிருந்து பிரித்துக் காட்டும் நீர்க் குறியீட்டு எண்ணை வைத்து வடகிழக்குப் பருவமழைக்குப் பிந்தைய நீர்ப்பரப்பைக் கோடையின் நீர்ப்பரப்போடு ஒப்பிடும் வேலையை இந்தப் பிரவுசர் வெண்ணெய்யில் கத்தி இறங்குவதுபோல் செய்துமுடிக்கிறது. ஆனால் ஆகாயத்தாமரை மூடிய நீர் அதன் கண்ணுக்கு நிலம்; இலைப்பரப்பு அடர்ந்திருப்பதால் தாவரக் குறியீட்டில் நல்ல காட்டுக்கு இணையான மதிப்பெண்ணும் வாங்கிவிடும். கரையோரத்தில் சம்பங்கோரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் சேர்ந்து மண்டியிருக்கும் இடத்தில் எது எது என்று படத்தை வைத்துச் சொல்ல நான் துணிய மாட்டேன். நம் மாவட்டத்து ஊரின் பெயர் ஓர் அயல்நாட்டுக் களைச் செடிக்கு எப்படி ஒட்டிக்கொண்டது என்பது தனியாக ஆராய வேண்டிய விஷயம்.

மழைக்காலத்தில் இந்தச் சேவையை நம்பி உட்கார முடியாது. ஐப்பசியிலிருந்து மார்கழி நடு வரை நம் கரையின் மேல் மேகம் விலகும் நாட்கள் குறைவு; ஐந்து நாளுக்கு ஒரு படம் என்ற கணக்கு காகிதத்தில்தான் இருக்கும். அப்போது கைகொடுப்பது சென்டினல்–1 ரேடார் படங்கள். மேகத்தையும் இருளையும் ஊடுருவிப் பார்க்கும் ரேடாரில் தேங்கிய நீர் கறுப்பாகத் தெரியும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியது போன்ற நாட்களில் நீர் எங்கெங்கே நின்றது என்று பார்க்க ரேடார்தான் வழி. ஆனால் ரேடார் படத்தைப் படிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். முதுகலை முதலாண்டு மாணவருக்கு நான் அதைக் கொடுப்பதில்லை.

பார்ப்பதோடு நிறுத்தாமல் அளக்கவும் விரும்புபவர்கள் படத்தை இறக்கி, கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் திறக்க வேண்டும். இறக்கும்போது வெறும் படமாக இல்லாமல், இடக்குறிப்போடு கூடிய டிஃப் கோப்பாக, தேவையான அலைவரிசைகளைத் தனித்தனியே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பரப்பு கணக்கிடும் முன் வரைபட அமைப்பை, மீட்டரில் அளக்கும் யு.டி.எம். 44 வடக்கு என்று மாற்றிக்கொள்ளாமல் அட்சரேகை, தீர்க்கரேகையிலேயே விட்டுவிட்டால், ஹெக்டேருக்குப் பதில் பொருளற்ற எண்கள் வரும். இன்னொரு பொறி உண்டு. 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்–2இன் மூலக் கோப்புகளில் எண்மதிப்புகள் ஆயிரம் கூட்டித் தரப்படுகின்றன. முழுக் கோப்பை நேரடியாக இறக்கி, அதற்கு முந்தைய ஆண்டுப் படத்தோடு ஒப்பிடுபவர்கள் இந்த ஆயிரத்தைக் கழிக்காவிட்டால், ஒரே இரவில் பிச்சாவரம் முழுவதும் தாவரக் குறியீட்டு எண் குறைந்துவிட்டதாகக் கணக்கு காட்டும். நான் இதை ஒரு மாதம் கவனிக்கவில்லை. மாணவரின் கணக்கில் தவறு தேடிக்கொண்டிருந்தேன்.

பயன்பாட்டு வசதியைப் பொறுத்தவரை எனக்குச் சில மனக்குறைகள் உண்டு. முகப்பில் தமிழ் கிடையாது. அலைவரிசைப் பெயர்களையும் கலைச்சொற்களையும் ஆங்கிலத்தில் புரிந்துகொள்ள முடியாத மாணவர்களுக்கு நாங்களே தமிழில் இரண்டு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. கைப்பேசியில் திறக்கும் என்றாலும், இரண்டு தேதிகளை அருகருகே வைத்து நடுக்கோட்டை இழுத்துப் பார்க்கும் ஒப்பீட்டு வசதியைச் சிறிய திரையில் பயன்படுத்துவது கண்ணுக்கு வேதனை. ஆண்டுக்கு ஒரு படமாகக் கோத்து அசைபடமாக்கும் வசதி வகுப்பில் காட்டுவதற்கு அருமையானது. சின்னவாய்க்கால் முகத்துவாரத்தில் மணல்திட்டு இடம் மாறுவதை அதில் பார்த்துவிட்டு மாணவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு வகுப்பு நேரம் போதாது.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன் என்றால், சதுப்புநிலத்தில் மாற்றம் எங்கே நடந்திருக்கக்கூடும் என்று தெரிந்துகொண்டு, அந்த இடத்துக்கு நேரில் போகத் தயாராக இருப்பவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். காடு இத்தனை விழுக்காடு கூடியது என்று ஒரே எண்ணில் விடை வேண்டுவோருக்கும், காப்புக்காட்டு எல்லைத் தகராறில் வரப்பு வரப்பாகச் சான்று தேடுவோருக்கும் பத்து மீட்டர் போதாது. அவர்கள் நில அளவைத் துறையின் புல வரைபடத்தோடுதான் தொடங்க வேண்டும். எங்கள் கணக்குப் புத்தகத்தில் இந்த ஆண்டு இரண்டு பருவப் படங்களிலும் பச்சையாக இருந்து, ஈரத்தைக் காட்டும் குறும்அலை அகச்சிவப்புப் படத்தில் மட்டும் சவுக்கு போல் வெளுத்துத் தெரியும் ஒரு துண்டு தெற்கே கொள்ளிடப் பக்கம் எஞ்சியிருக்கிறது. சீமைக் கருவேலமாக இருக்கும் என்பது என் ஊகம், கண்டல்தான் என்பது மாணவியின் கட்சி. பொங்கல் விடுமுறை முடிந்ததும், அமாவாசையை ஒட்டிய ஒரு காலையில், அதே பெரியவரின் படகில் போய்ப் பார்ப்பதாக இருக்கிறோம்.